போக்கர் அரிச்சுவடி: சீட்டு, கணக்கு, முடிவு

போக்கர் என்பது கையில் உள்ள சீட்டைப் பிறருக்குக் காட்டாமல், அதன் பலத்தை நம்பியோ நம்புவதாகக் காட்டியோ பந்தயம் கட்டி ஆடும் சீட்டாட்டம். ஓர் ஆட்டத்தை வெல்ல இரண்டு வழிகள் உண்டு. கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும்போது எல்லோரையும்விட உயர்ந்த கை வைத்திருப்பது ஒரு வழி. தான் கட்டும் பந்தயத்தைக் கண்டு மற்ற எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகும்படி செய்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிதான் போக்கரை ரம்மியிலிருந்து பிரிக்கிறது. மோசமான சீட்டு விழுந்தவர் வெல்லவும், அருமையான சீட்டு விழுந்தவர் தோற்கவும் இதில் இடம் இருக்கிறது.

எந்தக் கை எதைவிடப் பெரியது என்ற வரிசையை ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். அது நுழைவாயில் மட்டுமே. ஒவ்வொரு பந்தயத்திலும் 'இந்த வாய்ப்புக்கு இந்த விலை தகுமா' என்று கேட்டுப் பழகுவதே இந்த ஆட்டத்தின் உண்மையான அடிப்படை. முழுத் தகவல் கைக்கு வராத நிலையிலும் சரியான முடிவு எடுக்கக் கற்றுத்தருவதால்தான், ஒரு சூதாட்ட மேசையில் பிறந்த இந்த ஆட்டத்தைக் கணித அறிஞர்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

மிசிசிப்பிக் கரையிலிருந்து

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் உருவானது. அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் ஆடிய 'போக்' என்ற ஆட்டத்தின் சாயலும், அதற்கு உறவான ஜெர்மானிய ஆட்டத்தின் சாயலும் இதில் உண்டு. மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள் ஆட்டத்தை வடக்கே கொண்டுபோயின. ஜோசப் கவல் என்ற ஆங்கிலேய நடிகர் 1829இல் அப்படியொரு படகில் இந்த ஆட்டத்தைக் கண்டதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என 20 சீட்டுகளே பயன்பட்டன. நான்கு பேருக்கு ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டால் கட்டு தீர்ந்துவிடும். பிறகு 52 சீட்டுகள் கொண்ட முழுக்கட்டு வந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் படைவீரர்களின் கூடாரங்கள் வழியாக ஆட்டம் நாடு முழுக்கப் பரவியது.

இன்று உலகில் மிகுதியாக ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்'. டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரே இதன் பிறப்பிடம் என்று அந்த மாநிலச் சட்டமன்றம் 2007இல் அறிவித்தது. 1960களில் டெக்சாஸ் ஆட்டக்காரர்கள் சிலர் இதை லாஸ் வேகஸுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பின்யன்ஸ் ஹார்ஸ்ஷூ காசினோவில் 1970இல் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' தொடங்கியது. முதல் ஆண்டில் ஆட்டக்காரர்களே வாக்களித்து ஜானி மாஸைச் சாம்பியன் ஆக்கினார்கள். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் நடந்த சிறிய தகுதிப் போட்டி ஒன்றின் மூலம் உள்ளே வந்து, 839 பேர் கலந்துகொண்ட முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அதன் பிறகு உலகெங்கும் புதியவர்கள் இந்த ஆட்டத்தைக் கற்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

போக்கரில் வேறு வகைகளும் உண்டு. சீட்டை மாற்றிக்கொள்ள வாய்ப்புத் தரும் 'டிரா', சில சீட்டுகளைத் திறந்தும் சிலவற்றைக் கவிழ்த்தும் போடும் 'ஸ்டட்', கையில் நான்கு சீட்டு தரும் 'ஓமஹா' ஆகியவை முக்கியமானவை. கற்கத் தொடங்குபவருக்கு ஹோல்டெம் போதும். அதன் கணக்கு மற்றவற்றுக்கும் கைகொடுக்கும்.

கையின் வரிசை

போக்கரில் ஒரு கை என்றால் ஐந்து சீட்டு. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அவற்றுள் எந்த அமைப்பு அரிதாக வருகிறதோ அதற்கு மதிப்பு அதிகம். மேலிருந்து கீழாக வரிசையும், ஒவ்வொன்றும் எத்தனை விதமாக அமையும் என்ற கணக்கும் இவை:

1. ராயல் ஃப்ளஷ்: ஒரே சின்னத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ். 4 விதம்.
2. ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்: ஒரே சின்னத்தில் வரிசையாக ஐந்து சீட்டு. 36 விதம்.
3. ஃபோர் ஆஃப் எ கைண்ட்: ஒரே மதிப்பில் நான்கு. 624 விதம்.
4. ஃபுல் ஹவுஸ்: ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு. 3,744 விதம்.
5. ஃப்ளஷ்: வரிசை இல்லாமல் ஒரே சின்னத்தில் ஐந்து. 5,108 விதம்.
6. ஸ்ட்ரெய்ட்: சின்னம் கலந்து, வரிசையாக ஐந்து. 10,200 விதம்.
7. த்ரீ ஆஃப் எ கைண்ட்: ஒரே மதிப்பில் மூன்று. 54,912 விதம்.
8. டூ பேர்: இரண்டு ஜோடிகள். 1,23,552 விதம்.
9. பேர்: ஒரே ஒரு ஜோடி. 10,98,240 விதம்.
10. ஹை கார்டு: எதுவும் சேராத கை, பெரிய சீட்டே பேசும். 13,02,540 விதம்.

மூணு சீட்டு ஆடியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. மூணு சீட்டில் வரிசை பெரியது, கலர் சிறியது. போக்கரில் ஃப்ளஷ் பெரியது, ஸ்ட்ரெய்ட் சிறியது. இரண்டுக்கும் ஒரே விதிதான் அடிப்படை. மூன்று சீட்டு எடுத்தால் வரிசை 720 விதமாகவும் கலர் 1,096 விதமாகவும் அமைகிறது. அங்கே வரிசை அரிது. ஐந்து சீட்டு எடுத்தால் நிலைமை தலைகீழாகி, ஃப்ளஷ் அரிதாகிவிடுகிறது.

ஏஸ் எல்லாவற்றிலும் பெரிய சீட்டு. ஏஸ், 2, 3, 4, 5 என்ற வரிசையில் மட்டும் அது சிறிய முனையாகவும் நிற்கும். ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர், ஸ்பேட் என்ற நான்கு சின்னங்களுக்குள் பெரியது சிறியது என்ற பேதம் ஹோல்டெமில் கிடையாது. இருவருக்கும் ஒரே ஜோடி அமைந்தால் மீதிச் சீட்டில் பெரியது தீர்ப்பு சொல்லும். இந்தத் துணைச்சீட்டுக்கு 'கிக்கர்' என்று பெயர். மேசையில் ஏஸ், ஜாக்கி, 8, 5, 3 கிடக்க, ஒருவர் ஏஸும் ராஜாவும், மற்றவர் ஏஸும் ஒன்பதும் வைத்திருந்தால் இருவருக்கும் ஏஸ் ஜோடிதான். ராஜாவைக் கிக்கராக வைத்திருப்பவரே வெல்வார். ஐந்து சீட்டும் சமமானால் மேசையில் சேர்ந்த தொகையைப் பகிர்ந்துகொள்வார்கள்.

ஆட்டம் நடக்கும் முறை

ஹோல்டெமை இருவர் முதல் பத்துப் பேர் வரை ஆடலாம். ஒருவர் முன் 'பட்டன்' என்ற வட்டு வைக்கப்படும். அந்தச் சுற்றில் சீட்டு போடும் உரிமை அவருடையது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பட்டன் இடப்பக்கம் அடுத்தவருக்கு நகரும். பட்டனுக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். முதலாமவர் வைப்பது 'சிறிய பிளைண்ட்'. அடுத்தவர் வைப்பது 'பெரிய பிளைண்ட்', வழக்கமாகச் சிறியதைப் போல் இரு மடங்கு. இந்தக் கட்டாயத் தொகை இல்லாவிட்டால் எல்லோரும் ஏஸ் ஜோடி வரும்வரை சும்மா காத்திருக்கலாம், ஆட்டமே நடக்காது.

சீட்டைக் கலைத்து, ஆளுக்கு இரண்டு கவிழ்த்துப் போடுவார்கள். முதல் பந்தயச் சுற்று பெரிய பிளைண்டுக்கு அடுத்தவரிடம் தொடங்கும். பிறகு மேசை நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள், அது 'ஃப்ளாப்'. மீண்டும் ஒரு பந்தயச் சுற்று. நான்காவது சீட்டு 'டர்ன்', மீண்டும் பந்தயம். ஐந்தாவது சீட்டு 'ரிவர்', கடைசிப் பந்தயம். ஃப்ளாப் முதல் பந்தயம் பட்டனுக்கு இடப்பக்கம் ஆட்டத்தில் மீதமிருப்பவரிடம் தொடங்கி, பட்டனில் முடியும். ஃப்ளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மேல்சீட்டு ஒன்றைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். மேல்சீட்டின் முதுகில் யாராவது அடையாளம் வைத்திருந்தாலும் அதனால் பயன் இருக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது.

நடுவில் உள்ள ஐந்தும் எல்லோருக்கும் பொது. தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தே ஒருவரின் கை. தன் இரண்டில் இரண்டையுமோ, ஒன்றையோ, எதையும் சேர்க்காமலோ கையை அமைக்கலாம்.

தன் முறை வரும்போது ஒருவர் செய்யக்கூடியவை ஐந்து. யாரும் பந்தயம் கட்டாதபோது எதுவும் வைக்காமல் கடத்துவது 'செக்'. முதலில் பந்தயம் வைப்பது 'பெட்'. பிறர் வைத்த அளவு வைத்துத் தொடர்வது 'கால்'. அதைவிட உயர்த்துவது 'ரெய்ஸ்'. சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது 'ஃபோல்ட்'. எல்லோரும் சமமாக வைத்ததும் சுற்று முடிந்து, தொகை மேசை நடுவில் சேரும். 'நோ லிமிட்' முறையில் கையில் உள்ள அத்தனையையும் ஒரே முறையில் வைக்கலாம், அது 'ஆல்-இன்'. அப்படி வைத்தவர் தன் தொகைக்கு ஈடானதை மட்டுமே பிறரிடமிருந்து வெல்ல முடியும். பந்தயப் பணத்துக்கு ஈடாக வைக்கும் வட்டுக்குச் 'சிப்' என்று பெயர். 50 சிப்புடன் ஒருவர் ஆல்-இன் வைக்க, மற்ற இருவர் ஆளுக்கு 200 வைத்தால், 150 சிப்புக்கு மூவரும் போட்டியிடுவார்கள். மீதி 300க்கு அந்த இருவர் மட்டும்.

ஓர் ஆட்டம், அருகிலிருந்து

ஆறு பேர் மேசை. பிளைண்டுகள் 5, 10. பட்டனில் இருப்பவருக்கு ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் ஜாக்கியும் விழுந்திருக்கின்றன. அவருக்கு முன் பேச வேண்டிய மூவரும் ஃபோல்ட் செய்துவிட்டார்கள். அவர் 30 என்று உயர்த்துகிறார். சிறிய பிளைண்ட் விலகுகிறார். பெரிய பிளைண்ட் இன்னும் 20 சேர்த்துக் கால் செய்கிறார். நடுத்தொகை 65.

ஃப்ளாப்: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஏழு, கிளாவர் இரண்டு. பெரிய பிளைண்ட் செக் செய்கிறார். பட்டன்காரரிடம் இப்போது ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் இன்னோர் ஆர்ட்டின் வந்தால் ஏஸ் தலைமையில் ஃப்ளஷ் அமையும். அதைவிடப் பெரிய ஃப்ளஷ் யாரிடமும் இருக்க முடியாது. அவர் 35 பெட் வைக்கிறார். எதிராளி விலகினால் அங்கேயே வெற்றி. விலகாவிட்டாலும் ஃப்ளஷ் வர வழி இருக்கிறது. இப்படி இரண்டு வாய்ப்பையும் ஒருங்கே தரும் பந்தயத்துக்குச் 'செமி பிளஃப்' என்று பெயர். எதிராளி கால் செய்கிறார். நடுத்தொகை 135.

டர்ன்: ஸ்பேட் ஐந்து. உதவவில்லை. இந்த முறை எதிராளியே முந்திக்கொண்டு 45 வைக்கிறார். நடுத்தொகை 180 ஆகிறது. பட்டன்காரர் 45 கொடுத்து ரிவர் சீட்டைப் பார்ப்பதா, விலகுவதா?

இங்கேதான் கணக்கு வருகிறது. அவர் 45 வைத்தால் மொத்தம் 225. அதில் அவர் பங்கு ஐந்தில் ஒன்று. எனவே ஐந்து முறைக்கு ஒரு முறையாவது வெல்ல முடியுமென்றால் இந்த விலை நியாயமானது. அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46. கட்டில் உள்ள 13 ஆர்ட்டினில் நான்கு தெரிந்துவிட்டன, மீதி ஒன்பது. 46க்கு ஒன்பது என்றால் ஏறக்குறைய 19.6 சதவீதம், ஐந்தில் ஒன்றுக்கு மயிரிழை குறைவு. எதிராளியிடம் ராஜா ஜோடி இருப்பதாக வைத்துக்கொண்டால், மீதி மூன்று ஏஸில் ஒன்று வந்தாலும் பட்டன்காரர் முந்திவிடுவார். அப்போது உதவும் சீட்டு பன்னிரண்டு. வாய்ப்பு 26 சதவீதம். விலை 20, வாய்ப்பு 26. அவர் கால் செய்கிறார். சரியான முடிவு.

ரிவர்: டைமண்ட் ஒன்பது. ஃப்ளஷ் வரவில்லை, ஏஸும் வரவில்லை. இருவரும் செக் செய்து சீட்டைத் திறக்கிறார்கள். எதிராளியிடம் கிளாவர் ராஜாவும் டைமண்ட் ராணியும். ராஜா ஜோடிக்கு 225 சிப் போகிறது.

பட்டன்காரர் தோற்றார், ஆனால் தவறு செய்யவில்லை. இதே இடத்தில் இதே விலைக்கு நூறு முறை கால் செய்தால் 26 முறை வென்று 74 முறை தோற்பார். ஒவ்வொரு வெற்றியிலும் 180 வரவு, ஒவ்வொரு தோல்வியிலும் 45 செலவு. வரவு 4,680, செலவு 3,330. முடிவு சரியா என்பதை விளைவை வைத்து அளக்காமல், முடிவெடுத்த நேரத்தில் தெரிந்த தகவலையும் கொடுத்த விலையையும் வைத்து அளக்க வேண்டும் என்பது போக்கரின் தலையாய பாடம். புதியவர்கள் எல்லோரும் முதலில் சறுக்குவது இதில்தான். தப்பான கால் செய்து அதிர்ஷ்டத்தால் வென்றவர் அதையே திரும்பச் செய்கிறார். சரியான கால் செய்து தோற்றவர் அதைக் கைவிடுகிறார்.

வாய்ப்பை மனத்தில் கணக்கிடுதல்

தன் கையை வெற்றிக் கையாக்கக்கூடிய, இன்னும் வராத சீட்டுகளுக்கு 'அவுட்' என்று பெயர். மேசையில் தாளும் பேனாவும் இல்லாமலே வாய்ப்பைக் கணிக்க எளிய வழி உண்டு. இன்னும் ஒரே சீட்டு வரவேண்டியிருந்தால் அவுட் எண்ணிக்கையை இரண்டால் பெருக்க வேண்டும். ஃப்ளாப்பிலிருந்து இரண்டு சீட்டையும் பார்க்கப்போவதானால் நான்கால் பெருக்க வேண்டும். ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைவு என்றால் ஒன்பது அவுட். இரண்டு சீட்டில் 36 சதவீதம் என்று வரும். துல்லியமான கணக்கு 35. இரு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு, அதாவது 6, 7, 8, 9 கையில் இருந்து ஐந்தோ பத்தோ வரவேண்டும் என்றால், எட்டு அவுட், துல்லியமாக 31.5. நடுவில் ஒன்று விட்டுப்போன ஸ்ட்ரெய்ட்டுக்கு நான்கே அவுட்; 16.5. இந்தக் கடைசி வகைக்குப் பெரிய பந்தயத்தைக் கால் செய்வது புதியவர்களின் பணம் கரையும் ஓட்டைகளில் ஒன்று.

அவுட்டை எண்ணும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தன் கையை வளர்க்கும் சீட்டு எதிராளியின் கையை இன்னும் பெரிதாக வளர்க்கலாம். மேசையில் ஒரு ஜோடி விழுந்தால் ஃப்ளஷைத் தாண்டி ஃபுல் ஹவுஸ் அமைய இடம் உண்டு. அத்தகைய அவுட்டைப் பாதி மதிப்புக்கே எடுத்துக்கொள்வது நல்லது.

எந்தச் சீட்டோடு இறங்குவது

முதலில் கிடைக்கும் இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக அமையலாம். சின்னத்தின் பெயரைப் பொருட்படுத்தாமல் பார்த்தால் 169 வகை. ஏஸ் ஜோடி 221 முறைக்கு ஒரு முறையும், ஏதாவது ஒரு ஜோடி 17 முறைக்கு ஒரு முறையும் வரும். மற்ற நேரங்களில் சேராத இரண்டு சீட்டுகளே கையில் இருக்கும்; அவை ஃப்ளாப்பில் ஒரு ஜோடியையாவது பிடிப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். ஆகவே வருகிற கைகளில் பெரும்பாலானவற்றை முதல் சுற்றிலேயே விட்டுவிடுவது ஒழுங்கான ஆட்டம். ஃபோல்ட் செய்யக் கூச்சப்படாதவரே போக்கரில் தேறுவார்.

தொடக்கத்தில் நம்பி ஆடக்கூடியவை பெரிய ஜோடிகள், ஏஸுடன் ராஜா, ராணி அல்லது ஜாக்கி, ராஜாவுடன் ராணி ஆகியவை. சிறிய ஜோடி மலிவாகக் கிடைத்தால் ஆடலாம். ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு சேர்வது நூறில் ஏறக்குறைய 12 முறை. சேராவிட்டால் விலகிவிட வேண்டும். இரண்டும் ஒரே சின்னம் என்பதற்காக மட்டும் மோசமான சீட்டை ஆடுவது பரவலான தவறு. ஒரே சின்னம் என்பதால் வெற்றி வாய்ப்பு இரண்டு மூன்று சதவீதமே கூடும். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது நூறில் ஒரு முறைகூட இல்லை. அதேபோல் ஏஸுடன் சிறிய சீட்டு ஒன்றைக் கண்டதும் மகிழ்ந்து இறங்குபவர், எதிராளியின் பெரிய கிக்கரிடம் முழுத் தொகையையும் இழப்பது வழக்கம்.

சீட்டு அளவுக்கு இருக்கையும் முக்கியம். கடைசியில் பேசுபவர் மற்றவர்கள் செக் செய்தார்களா, பெட் வைத்தார்களா, எவ்வளவு வைத்தார்கள் என்பதைப் பார்த்த பிறகு முடிவெடுக்கிறார். முதலில் பேசுபவருக்கு இந்த வசதி கிடையாது. அதனால் பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் அதிகக் கைகளை ஆடலாம். முதலில் பேசும் இடங்களில் சிறந்த கைகளை மட்டுமே ஆட வேண்டும். ஜாக்கியும் பத்தும் பட்டனில் லாபம் தரக்கூடிய கை. ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாகப் பேசும்போது அதே சீட்டு தொல்லை.

இறங்குவது என்று முடிவெடுத்தால், வெறுமனே பெரிய பிளைண்டுக்கு ஈடு வைப்பதைவிட உயர்த்தி இறங்குவது மேல். உயர்த்தினால் எல்லோரும் விலகி உடனே வெற்றி கிடைக்கலாம். எதிராளிகளின் எண்ணிக்கையும் குறையும். ஏஸ் ஜோடிகூட ஒருவரை எதிர்த்தால் நூறில் 85 முறை வெல்லும். ஐந்தாறு பேர் நின்றால் அந்த வாய்ப்பு வெகுவாகச் சரிந்துவிடும்.

பிளஃப்: பொய்க்கும் ஒரு கணக்கு

பலமில்லாத கையைப் பலமுள்ளதாகக் காட்டிப் பந்தயம் கட்டுவது 'பிளஃப்'. திரைப்படங்களில் இது முகபாவத்தின் வித்தையாக வரும். மேசையில் இதுவும் விலையும் வாய்ப்பும்தான். மேலே பார்த்த ஆட்டத்தில் ரிவரில் நடுத்தொகை 225. அப்போது பட்டன்காரர் 75 பிளஃப் வைத்திருந்தால், 75ஐப் பணயம் வைத்து 225ஐ வெல்ல முயல்கிறார். எதிராளி நான்கு முறைக்கு ஒரு முறை விலகினாலே கைநட்டம் இல்லை. நடுத்தொகைக்கு ஈடாக 225 வைத்தால் பாதி முறை விலக வேண்டும். எதிராளி ராஜா ஜோடியை விடமாட்டார் என்று தெரிந்தால் எந்தத் தொகைக்கும் பிளஃப் வீண். எதையும் விடாமல் கால் செய்பவரிடம் பிளஃப் செய்யக்கூடாது என்பது புதியவர்கள் மறக்கக்கூடாத விதி.

ஒருபோதும் பிளஃப் செய்யாதவருக்கும் நட்டம் உண்டு. அவர் பெரிய தொகை வைத்தாலே எல்லோரும் விலகிவிடுவார்கள். நல்ல சீட்டு வந்தும் அவருக்கு வரவு வராது. ரிவரில் நடுத்தொகை அளவுக்குப் பந்தயம் வைப்பவர், மூன்றில் இரண்டு முறை உண்மையான கையோடும் ஒரு முறை பிளஃபாகவும் வைத்தால், கால் செய்தாலும் விலகினாலும் எதிராளிக்கு ஆதாயம் இல்லாமல் போய்விடும். பிளஃபின் தேவையைக் கணிதமாக விளக்கியவர் கணித அறிஞர் ஜான் ஃபான் நாய்மன். ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து அவர் 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் எளிமையாக்கப்பட்ட போக்கருக்குத் தனியிடம் உண்டு. ஜான் நாஷ் 1950இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்விலும் மூவர் ஆடும் போக்கர் எடுத்துக்காட்டாக வருகிறது. இருவர் ஆடும், பந்தய அளவுக்கு வரம்பு உள்ள ஹோல்டெமை ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் 'சீஃபியஸ்' என்ற கணினி நிரல் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ரேட்டஸ்', நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடி வென்றது. முகத்தைப் பார்க்கவே முடியாத இயந்திரமும் உரிய விகிதத்தில் பிளஃப் செய்துதான் வென்றது.

எதிராளியைக் கவனிப்பதற்கும் இதில் இடம் உண்டு. முகத்தைவிடப் பந்தயத்தின் போக்கு நம்பகமான சாட்சி. எந்த இருக்கையிலிருந்து இறங்கினார், எந்தச் சீட்டு விழுந்ததும் தொகையை உயர்த்தினார், கடைசியில் எதைத் திறந்து காட்டினார் என்பதைக் கவனித்தால் ஒருவரின் பழக்கம் பிடிபடும். 'அவரிடம் இன்ன சீட்டு' என்று ஒன்றை மட்டும் ஊகிப்பதைவிட, 'அவரிடம் இருக்கக்கூடிய கைகள் இவை' என்று ஒரு தொகுதியாக எண்ணுவது சரியான பழக்கம். தன் கை ஃபோல்ட் ஆன நேரமெல்லாம் இந்தப் பயிற்சிக்கு உரிய நேரம்.

அதிர்ஷ்டம், பணம், சட்டம்

போக்கரில் அதிர்ஷ்டம் மெய்யானது. ஏஸ் ஜோடியோடு ஒருவரும் ராஜா ஜோடியோடு ஒருவரும் ஆல்-இன் வைத்தால், ஏஸ் வைத்திருப்பவர் நூறில் ஏறக்குறைய 18 முறை தோற்பார். ஓரிரவில் திறமையாளர் தோற்பதும் கற்றுக்குட்டி வெல்வதும் சாதாரணம். திறமை ஆயிரக்கணக்கான கைகளுக்குப் பிறகே தெளிவாகத் தெரியும். காசினோ போன்ற இடங்களில் ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுத்தொகையிலிருந்து நடத்துபவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். அதற்கு 'ரேக்' என்று பெயர். மேசையில் உள்ளவர்களின் மொத்தப் பணம் ஆட ஆடக் குறைந்துகொண்டே போகும். மற்றவர்களைவிடச் சற்றே நன்றாக ஆடினால் போதாது. ரேக்கையும் மீறி ஆட வேண்டும். தோல்வியின் எரிச்சலில் கணக்கை மறந்து இழந்ததை மீட்கத் துரத்துவதற்கு ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். அந்த நிலையில் மேசையைவிட்டு எழுவது ஒன்றே சரியான ஆட்டம்.

இணையத்தில் பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் ஆகியவற்றால் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் சீரழிந்தன; உயிர்களும் போயின. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை தந்ததையடுத்து, தமிழ்நாடு அரசு இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. சட்டத்தின் மற்றப் பகுதிகளை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடு பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. பணம் கேட்கும் போக்கர் செயலிகளையும் அவற்றுக்கு வரும் அழைப்புகளையும் ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பு.

பழகும் வழி

போக்கரின் கணக்கைக் கற்கப் பணம் தேவையில்லை. ஒரு சீட்டுக்கட்டும் நான்கு நண்பர்களும் ஆளுக்கு நூறு புளியங்கொட்டையும் போதும். கொட்டையை எண்ணிக் கொடுத்து, தீர்ந்தவர் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பந்தயத்தையும் யோசித்துக் கட்டும் கவனம் தானே வரும்.

முதல் நாள் எல்லோரும் சீட்டைத் திறந்துவைத்தே சில ஆட்டங்கள் ஆடிப்பார்ப்பது நல்லது. ஏழு சீட்டிலிருந்து சிறந்த ஐந்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அப்போது எளிதில் அமையும். மேசையில் நான்கு ஆர்ட்டின் கிடந்தால் கையில் ஓர் ஆர்ட்டின் இருப்பவர் எல்லோரிடமும் ஃப்ளஷ் இருக்கும் என்பது போன்றவற்றைக் கண் தானாகப் பார்க்கத் தொடங்கும். அடுத்து பட்டனை நகர்த்தி, பிளைண்ட் வைத்து, முறை தவறாமல் பேசப் பழக வேண்டும். தன் முறை வருமுன் பேசுவது, விலகிய பின் தன் சீட்டு என்ன என்று சொல்வது, பந்தயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வைத்து எதிராளியின் முகத்தைப் பார்ப்பது ஆகியவை மேசை ஒழுக்கத்துக்கு விரோதம்.

மூன்றாவது படி, ஒவ்வொரு காலுக்கு முன்னும் இரண்டு எண்களைச் சொல்லிப்பார்ப்பது: கேட்கப்படும் விலை நடுத்தொகையில் எவ்வளவு பங்கு, வெல்லும் வாய்ப்பு எவ்வளவு. ஆட்டம் முடிந்ததும் பெரிய தொகை கைமாறிய ஓர் ஆட்டத்தை எடுத்து, யார் எந்தக் கட்டத்தில் என்ன தெரிந்து என்ன முடிவெடுத்தார் என்று எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும். வென்றவரின் கால் தவறாகவும் தோற்றவரின் கால் சரியாகவும் இருந்திருக்கலாம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பேச்சு வளர்ந்துவிட்டால், அங்கே இருப்பவர்களுக்குப் போக்கரின் அடிப்படை பிடிபட்டுவிட்டது.